சூடம் அணைத்த கை

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.6.1986

அண்ணனுக்கு,

என் மகளைக் கொன்றது நீங்கள்தான். அவளோடு சேர்த்து ஐந்தாம் வார்டில் வயிற்றால் போய்ச் செத்த அத்தனை பேரையும் கொன்றது நீங்கள்தான்.

இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் சாத்தனேரிக்கு பஸ் ஏறி வந்தேன். அண்ணி கதவைப் பாதிதான் திறந்தாள். "அவிய ஆபீசுக்குப் போயிட்டாக, பொறவு வா" என்றாள். உள்ளே நீங்கள் செருமினீர்கள். உங்கள் செருமல் எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு எழுதினால் கட்சிக்காரர்கள் பிரிப்பார்கள். அதனால்தான் இராஜபாளையத்தில் இருக்கிற உங்கள் பேண்டேஜ் துணிப் பட்டறை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

ஓட்டு எண்ணி முடித்த சாயங்காலம் உங்கள் வீட்டில் காபி கொடுத்தது நான். நீங்கள் பேரூராட்சி சேர்மனாக ஜெயித்த சந்தோஷத்தில் வீடு நிறைய ஆட்கள். யாரோ சொன்னார்கள், அஞ்சாம் வார்டுப் பெட்டியில் உங்களுக்கு ஒன்றுமே விழவில்லை, அம்புட்டும் பக்கீர் முகமதுவுக்குத்தான் என்று. நீங்கள் சொன்னீர்கள்: "அவன் கடையில கடனுக்கு அரிசி வாங்குத பயலுவ, தண்ணியும் அவன்கிட்டயே வாங்கிக் குடிக்கட்டும். தண்ணி திறந்துவிடுத பால்சாமிகிட்டச் சொல்லுங்கப்பா, அந்த வார்டு வால்வைத் தொடக்கூடாதுன்னு." எல்லோரும் சிரித்தார்கள். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். ஜெயித்தவர் பேசுகிற பேச்சு என்று நினைத்தேன்.

பங்குனி பிறந்ததும் குழாயில் காற்றுதான் வந்தது. ஐந்தாம் வார்டு என்றால் காலனி மட்டும் இல்லை, அதை ஒட்டி எங்கள் மேலத்தெருவும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். தங்கச்சி வீடு என்று ஒரு டிரம் தண்ணீர் மட்டும் மாட்டு வண்டியில் அனுப்பினீர்கள். தெருவே வெறுங்குடத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கும்போது நான் எப்படி இறக்கி வைப்பேன்? திருப்பி அனுப்பிவிட்டேன். எல்லோரையும் போல நானும் ஓடைக் கிணற்றில் இறைத்தேன். துணி வெளுக்கிற பட்டறைத் தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும் ஒன்றாய்ப் போகிற ஓடை. காய்ச்சி வடிகட்டித்தான் கொடுத்தேன். வெயிலில் விளையாடிவிட்டு வந்தவள் குடத்திலேயே மோந்து குடித்திருக்கிறாள். பிச்சையம்மாளுக்கு ஆறு வயசு. குடத்தில் கை எட்டுகிற வயசு.

அவளைச் சுற்ற உங்கள் பட்டறையிலிருந்து வெள்ளைத் துணி கொடுத்து அனுப்பினீர்கள். நன்றாக வெளுத்த துணி. அதை வேறு சொல்ல வேண்டுமா?

அந்த ஊரில் இனி இருக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்க்கும் பள்ளிக்கூடம் இங்கேதான் இருக்கிறது. அதனால் இங்கே ஒரு அறை பிடித்திருக்கிறோம். கலெக்டருக்கு மனு எழுதிவிட்டேன். அன்றைக்கு என் காதால் கேட்டதை அப்படியே எழுதியிருக்கிறேன். சேர்மனின் சொந்தத் தங்கச்சி சொன்னால் யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள்.

வெள்ளத்தாய்


இராஜபாளையம்
6.6.1986

தங்கை வெள்ளத்தாய்க்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அப்படி ஒரு காகிதம் என் மேஜையில் கிடந்தாலே பாவம்.

நீ பிள்ளையைப் பறிகொடுத்தவள். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் ஒன்றை யோசி. அப்பா செத்தபோது உனக்குப் பாவாடை கட்டத் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நூல் கட்டு சுமந்தேன். இராஜபாளையம் மில்லு வாசலில் என்னை "ஏலே மூட்டை" என்றுதான் கூப்பிடுவார்கள். பேரே கிடையாது. அந்த மூட்டைதான் உன்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தது. அந்த மூட்டைதான் யார் யார் காலிலோ விழுந்து உனக்குச் சத்துணவு வேலை வாங்கித் தந்தது. இன்றைக்கு மூட்டை சேர்மன் ஆனதும் கொலைகாரன் ஆகிவிட்டேனா?

அன்றைக்குச் சொன்னதை மறுக்கவில்லை. ஜெயித்த வெறியில் ஆயிரம் பேசுவோம். நீயும்தானே சிரித்தாய்? அதைப் பால்சாமியிடம் போய் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நடந்தது இதுதான். மோட்டார் காயில் கருகிவிட்டது. சரி பண்ணிய பிறகு பால்சாமி அந்த வார்டு வால்வைத் திறக்கவில்லை. அவன் குடிகாரன், ஊருக்கே தெரியும். அவனும் அதே காலனிதான். சொந்தச் சனத்துக்கே திறந்துவிடாதவனை என்ன சொல்ல? ஆபீசில் எனக்கு யாரும் வந்து சொல்லவும் இல்லை. இப்போது அவனை சஸ்பெண்ட் பண்ணியிருக்கிறேன்.

பிச்சைக்கு நான் தாய்மாமன். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள். ஊசி இறங்கியதும் என் சட்டையைக் கடித்துவிட்டாள். அந்தச் சட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று இருந்தேன்.

உன் மனுவை நான் தடுக்க மாட்டேன். தடுக்க எனக்கு வழி உண்டு, செய்ய மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. வருகிற வெள்ளிக்கிழமை செண்பகத்தோப்பில் நம் அய்யனார் முன்னால் சூடம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன். மாப்பிள்ளை ஐயாதுரையைக் கூட்டிக்கொண்டு வா. காலனியிலிருந்து யார் யாரைக் கூப்பிட வேண்டுமோ நீயே கூப்பிடு. நான் கூப்பிட்டால் பயந்து வந்தார்கள் என்பார்கள். நீ கூப்பிட்டால் நம்பி வருவார்கள். வேன் நான் அனுப்புகிறேன்.

நம் வீட்டில் சூடத்தின் மேல் பொய் சொன்னவன் உண்டா? உனக்கே தெரியும்.

கருத்தப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
17.6.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

கலெக்டரிடம் கொடுத்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். "அண்ணன் மேல் சந்தேகம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. செக்போஸ்ட்டில் வனத்துறைக்காரர் வேனைப் பார்த்ததும் "சேர்மன் சாமி கும்பிடவா?" என்று கம்பைத் தூக்கிவிட்டார். காலனிப் பெரியவர்கள் கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். நீங்கள்தான் "உள்ள வாங்க, நீங்கதான் பக்கத்துல நின்னு பாக்கணும்" என்று கூப்பிட்டீர்கள். அவர்கள் தயங்கித் தயங்கி வந்ததைப் பார்த்து எனக்கு அழுகையாக வந்தது. கட்டிச் சூடம் முழுசாய்ப் பற்றி எரிந்தது. "வால்வைத் தொடாதேன்னு பால்சாமிகிட்ட நான் சொன்னதுமில்ல, சொல்லி அனுப்புனதுமில்ல. சொல்லியிருந்தா என் குலம் விளங்காது" என்று சொல்லி, ஓங்கி அடித்து அணைத்தீர்கள். உள்ளங்கை கரியாகிப் போனது. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பொய் சொல்கிறவனுக்குக் கை நடுங்காதா?

நான் உங்களைப் பற்றி எழுதியதெல்லாம் என் வயிறு எரிந்து எழுதியது. மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வேன் சாத்தனேரியில் இறங்கியதும் அவர்கள் நேரே பால்சாமி வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். எல்லோரும் என்னைக் கேட்டார்கள், "தாயி, நீ பக்கத்துல நின்னியா? உன் கண்ணால பாத்தியா?" என்று. பார்த்தேன் என்றேன். எங்கள் அண்ணன் இல்லை என்றேன். பால்சாமியை முற்றத்தில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். அவருடைய சொந்தச் சித்தப்பா மகனே செருப்பைக் கழற்றினான். பிறகு போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போனது. அவருடைய பெண்டாட்டி அழகுத்தாய் என் மேல் துப்பினாள். "ஏட்டி, சேர்மன் சொல்லி அனுப்பின ஆளு என் வாசல்ல நின்னுதானட்டி பேசுனான். எங்கேட்டி போச்சு உங்க சாமி?" என்றாள். புருஷனைக் காப்பாற்றுவதற்குப் பெண் எதையும் சொல்வாள். அப்படித்தானே?

இவர் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. கேட்டால், "கையி கரியாச்சு, கழுவியாச்சு" என்கிறார்.

உள்ளங்கையில் வேப்பெண்ணெய் போடுங்கள்.

வெள்ளத்தாய்


இராஜபாளையம்
3.2.1989

அன்புத் தங்கைக்கு,

நீ மாலை போட வருவாய் என்று எதிர்பார்த்தேன். தொகுதி முழுக்க வந்தது, நீ வரவில்லை. பரவாயில்லை. உன் அண்ணன் இப்போது எம்.எல்.ஏ. மெட்ராஸில் எனக்கென்று ஹாஸ்டலில் அறை, அறையில் டெலிபோன். நான் மூட்டை தூக்கிய மில்லின் முதலாளியே வந்து பொன்னாடை போர்த்தினார். பேண்டேஜ் பட்டறையில் புதிதாய் ஆறு தறி போட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரி ஆர்டர் குவிகிறது, கையில் பிடிக்க முடியவில்லை.

இந்தச் சந்தோஷத்திலும் ஒரு முள். எதிர்க்கட்சிக்காரன் மேடை மேடையாக "அஞ்சாம் வார்டு, அஞ்சாம் வார்டு" என்று ஊளையிடுகிறான். அந்தக் கேஸ் கோர்ட்டில் இழுத்துக்கொண்டே கிடக்கிறது. பால்சாமி ஜாமீனில் திரிகிறான். அது முடிந்தால்தான் என் பேர் சுத்தமாகும்.

சீக்கிரம் சாட்சி விசாரணை வரும். நீ வந்து, பால்சாமி அந்த நாட்களில் குடித்துவிட்டுக் கிடந்ததைப் பார்த்தேன் என்று சொன்னால் போதும். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவன் குடிகாரன்தானே, பொய் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லையே.

மாப்பிள்ளைக்கு ரேஷன் கடையில் வேலை சொல்லி வைத்திருக்கிறேன். உனக்கும் ஊருக்குள் பெரிய பள்ளிக்கூடமாய் மாற்றித் தரலாம்.

உன் அண்ணன்
கருத்தப்பாண்டி, எம்.எல்.ஏ.


ஸ்ரீவில்லிபுத்தூர்
20.2.1989

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாத்தனேரிக்குப் போனேன். பால்சாமி குடித்துக் கிடந்தார் என்று சொல்லத்தான் தயாராக இருந்தேன். சொல்வதற்கு முன்னால் ஒருதரம் அவரைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

காலனிக்குள் அவர்கள் இல்லை. ஊரை விட்டுத் தள்ளி, குப்பைக் கிடங்குப் பக்கம் ஓலைக் குடிசை போட்டிருக்கிறார்கள். சொந்தச் சனம் பேசுவதில்லை. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவதில்லை. கடையில் உப்பு கொடுப்பதில்லை. பக்கீர் முகமது மட்டும் கொடுக்கிறார். அவரிடம் கேட்டேன், உங்களுக்கு உண்மை தெரியுமா என்று. "நான் தோத்தவன் தாயி. நான் எதைச் சொன்னாலும் தோத்தவன் வயித்தெரிச்சல்னுவாக. அதான் உப்பு மட்டும் குடுக்கேன்" என்றார்.

பால்சாமி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழகுத்தாய்தான் பேசினாள். இந்தத் தடவை துப்பவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். "மொத நா காலையில உன் வீட்டுக்கு டிரம்மு வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நாங்க அப்பத்தான் குழாயடியில குடத்தை வரிசை வச்சிட்டு நிக்கோம். தண்ணி வராதுன்னு எங்களுக்கே தெரியாது. உங்கண்ணனுக்கு எப்படியட்டி தெரிஞ்சுது?"

டிரம்மைத் திருப்பி அனுப்பியது நான். அதை உங்களுக்குக் கடிதத்தில் எழுதியதும் நான். அது எந்த நேரம் வந்தது என்று ஒருநாள்கூட யோசிக்கவில்லை. மோட்டார் கருகியது, ஆபீசில் யாரும் சொல்லவில்லை, பால்சாமி மறந்தான் என்றால், விடியுமுன்னே என் வீட்டுக்கு மட்டும் வண்டி கட்டியது எதற்கு? இத்தனை பெரிய ஓட்டை கண்ணில் படவில்லை. ஏனென்றால் நான் சூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு ஒரு பதில் சொல்லுங்கள். வேறு ஏதாவது காரணம் இருந்தால் சொல்லுங்கள். இருக்கட்டும் என்று இன்னும் ஆசைப்படுகிறேன்.

வெள்ளத்தாய்


இராஜபாளையம்
1.3.1989

வெள்ளத்தாய்க்கு,

டிரம் பற்றிக் கேட்டிருக்கிறாய். கோர்ட்டு வக்கீல் மாதிரி நாள், நேரம் கேட்டிருக்கிறாய். கேட்கிறவளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்.

அந்த டிரம்மை நீ இறக்கி வைத்திருந்தால் பிச்சை இன்றைக்கு ஒன்பது வயசுப் பிள்ளை. உன் வாசலுக்கு நல்ல தண்ணீர் வந்தது. நீ வேண்டாம் என்றாய். காலனிக்காரிகள் பார்க்கிறார்களாம், உனக்கு வெட்கமாக இருந்ததாம். பெரிய நியாயவாதி. அடுத்தவள் பிள்ளைக்கு இல்லாத தண்ணீர் உன் பிள்ளைக்கும் வேண்டாம் என்று முடிவு பண்ணியது நானா, நீயா? மறுநாளும் வண்டி அனுப்பினேன். அதையும் திருப்பினாய். இதை ஊரில் யாரிடமாவது சொன்னாயா? மாப்பிள்ளைக்காவது தெரியுமா?

கொன்றது யார் என்று இனிமேல் எனக்கு எழுதாதே. கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொள்.

சாட்சி சொல்ல வர இஷ்டமில்லை என்றால் வராதே. ஆனால் அந்தப் பக்கம் போய் நின்றாய் என்றால், சத்துணவு அரிசி மூட்டையில் எலி புகுவது ரொம்பச் சுலபம். நான் கொடுத்த வேலை அது. நினைவு இருக்கட்டும்.

கருத்தப்பாண்டி


ஸ்ரீவில்லிபுத்தூர்
27.8.1990

எம்.எல்.ஏ. அவர்களுக்கு,

சொன்னபடியே எலி புகுந்துவிட்டது. ஸ்டாக்கில் ஒரு மூட்டை அரிசி குறைகிறதென்று என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் வைத்திருந்தவள் நான். எட்டு வருஷம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவளை, சோறு திருடி என்று அந்தப் பிள்ளைகளே இப்போது கூப்பிடுகிறார்கள்.

இரண்டாவது டிரம் வந்ததையும் என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு வெளியே போனார். அன்று ராத்திரி வரவில்லை. மறுநாள் வந்து, "நானா இருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன்" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னாரே.

பால்சாமி பக்கம் நான் கூண்டில் ஏறியதை நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தீர்கள். காபித் தட்டோடு நின்று கேட்டதைச் சொன்னேன். டிரம்மைச் சொன்னேன். அரசாங்க வக்கீல் என்னைக் கேட்டது உங்களுக்கும் கேட்டிருக்கும்.

"உங்க அண்ணன் கோயில்ல சூடம் அணைச்சதைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நம்புனீங்களா?"

"நம்புனேன்."

"நம்பித்தானே மனுவை வாபஸ் வாங்குனீங்க? கையெழுத்து உங்களுதுதானே? அப்ப அன்னைக்குச் சாமி பொய் சொல்லுச்சா, இன்னைக்கு நீங்க சொல்லுதியளா?"

கோர்ட்டே சிரித்தது. கூண்டில் நின்ற பால்சாமி சிரிக்கவில்லை. காலனிக்காரர்கள் சிரித்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள், உங்கள் வேனில் வந்து உங்கள் பக்கம் சாட்சி சொன்னவர்கள், என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பால்சாமிக்கு இரண்டு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பானதும் என்னைக் கார்ப் பக்கம் கூப்பிட்டீர்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு நீங்கள் சொன்னதை இங்கே எழுதுகிறேன், மறந்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லக்கூடாது. "ஏட்டி, அன்னைக்கு அய்யனாரு முன்னால ஓங்கி அடிச்சேன்லா? கை வெந்துச்சா? கண்ணு அவிஞ்சுச்சா? மூணு வருசத்துல எம்.எல்.ஏ. ஆக்கிட்டான். அவனும் நம்ம கட்சிதான் போலட்டி." டிரைவர் சிரித்தான். நீங்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டீர்கள்.

அப்படியானால் சொன்னீர்கள். வால்வைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினீர்கள். எனக்கு இனி அதில் சந்தேகம் இல்லை.

நான் சண்டைக்கு வரவில்லை. பால்சாமிக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. இரத்தமாய்த் துப்புகிறார். ஜெயிலில் தாங்க மாட்டார். அப்பீலுக்கு வக்கீல் வைக்க பக்கீர் முகமது முன்வந்திருக்கிறார். நீங்கள் கோர்ட்டில் வந்து ஒத்துக்கொள்ள வேண்டாம். அது உங்களால் ஆகாது. ஆபீசில் அன்றைக்கு வால்வைப் பற்றி என்ன உத்தரவு போனது என்று உங்கள் ஆட்கள் யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லட்டும். நீங்கள் தடுக்காமல் இருங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

வெள்ளத்தாய்


சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்
14.9.1990

அன்புடையீர்,

தங்களது 27.8.1990 தேதியிட்ட மனு கிடைக்கப்பெற்றது. தங்கள் கோரிக்கை மாண்புமிகு உறுப்பினர் அவர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

தொகுதி மக்களின் நலனே தமது நலனாகக் கருதிப் பணியாற்றும் உறுப்பினர் அவர்களுக்குத் தங்கள் ஆதரவைத் தொடர்ந்து நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உதவியாளர்

பெறுநர்:
திருமதி வெள்ளத்தாய்,
ஸ்ரீவில்லிபுத்தூர்.


சாத்தனேரி
11.12.1990, காலை

அண்ணே,

இதை இவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பட்டறையில் நீ இருக்கிறாய் என்று விசாரித்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். நின்று வாசி.

பால்சாமி செத்துவிட்டார். ஜெயிலில் முந்தாநாள் நெஞ்சடைத்துப் போய்விட்டார். அழகுத்தாயும் நானும் போய் வாங்கிக்கொண்டு வந்தோம். பக்கீர் முகமது வண்டி கொடுத்தார்.

காலனிச் சுடுகாட்டுப் பாதையில் முள் வெட்டிப் போட்டு மறித்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கிறார்கள். "எங்க பிள்ளைகளைக் கொன்னவனை எங்க பிள்ளைக படுத்திருக்கிற மண்ணுல படுக்க விடமாட்டோம்" என்கிறார்கள். பிள்ளையைப் புதைத்தவர்கள் சொல்கிறார்கள், அவர்களை நான் என்ன சொல்ல? பால்சாமியைத் திட்டுகிறவர்களில் அவர் கூடப்பிறந்த அக்காளும் ஒருத்தி. அவள் பேத்தியும் அந்தச் சித்திரையில்தான் போனாள்.

அவர்கள் காலில் விழுந்து சொன்னேன். எங்கள் அண்ணன்தான் சொல்லி அனுப்பினார், அவர் வாயாலேயே என்னிடம் சொன்னார், பால்சாமி மேல் ஒரு குற்றமும் இல்லை என்று சொன்னேன். ஒரு பெரியவர் எழுந்து என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "தாயி, அன்னைக்கு வேன்ல எங்களைக் கூட்டிட்டுப் போனது நீதானே. எங்க அண்ணன் இல்லைன்னு இதே தெருவுல நின்னு சொன்னதும் நீதானே. அப்ப அந்த வெள்ளத்தாயை நம்பட்டுமா, இந்த வெள்ளத்தாயை நம்பட்டுமா? உங்க அண்ணன் சாமி முன்னால சொல்லியிருக்காரு. மாத்தணும்னா அவருதான் வந்து மாத்தணும்" என்றார்.

அவர் சொன்னது சரி. நான் சொல்லி எடுபடாது. இந்தச் சனம் உன்னை நம்புகிறது. அது கையாலாகாத நம்பிக்கை, நான் வைத்திருந்ததும் அதே நம்பிக்கைதான்.

போலீசுக்குச் சொன்னால் அடித்து விரட்டிவிட்டுப் புதைக்க வைப்பார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் மேல் தடியடி வேண்டாம் என்கிறாள் அழகுத்தாய். அவள்தான் சொல்கிறாள்.

நீ வா. கோர்ட்டு இல்லை, பேப்பர்காரன் இல்லை, கையெழுத்து இல்லை. அந்த முள்ளுக்குப் பக்கத்தில் நின்று, "பால்சாமி செய்யல" என்று சொல்லிவிட்டுப் போ. நான் செய்தேன் என்றுகூட நீ சொல்ல வேண்டாம். செத்தவன் கேஸ் போட மாட்டான்.

வெள்ளத்தாய்


சாத்தனேரி
11.12.1990, மத்தியானம்

அண்ணே,

காலையில் கொடுத்ததை உன் மேனேஜர் வாங்கிக்கொண்டு உள்ளே போனாராம். இவரை வெளியே தறி ஓடுகிற சத்தத்தில் நிற்க வைத்தார்களாம். ரொம்ப நேரம் கழித்து ஒருவன் வந்து டீ கொடுத்தானாம். "ஐயா சாப்பிடுறாக" என்றானாம். பிறகு கேட்டால் தூங்குகிறார் என்றானாம். இவர் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டார். வந்ததும் "எழுதிக் குடு, மறுபடி போறேன்" என்கிறார். நாலு வருஷத்தில் உன்னைப் பார்க்க அவராகக் கிளம்புவது இதுதான் முதல் தடவை.

உடம்பு கறுத்துவிட்டது. ஐஸ்கூட இல்லாமல் வெறும் பாயில் கிடக்கிறார். ஈ மொய்க்கிறது. அழகுத்தாய் முந்தானையால் விசிறிக்கொண்டே இருக்கிறாள். அவள் இன்னும் அழவில்லை. மூங்கிலில் பாடை கட்டியாகிவிட்டது, குழி வெட்டத்தான் ஆள் வரவில்லை. இவரும் பக்கீர் முகமதுவும் வெட்டத் தயார். இடம்தான் வேண்டும். குப்பைக் கிடங்கில் வேண்டுமானால் புதைத்துக்கொள்ளுங்கள் என்று பேரூராட்சி ஆபீசிலிருந்து ஒரு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். நீ சொல்லித்தான் வந்தானா என்று தெரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நீ வருவாய் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை. ஆனால் வழிமறித்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் கார்ச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறார்கள். எம்.எல்.ஏ. வந்தால் பாய் விரிக்க வேண்டும் என்று ஒருத்தி பாய் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். உனக்காக.

வெயில் இறங்குவதற்குள் தூக்க வேண்டும். உன்னால் வர முடியாது என்றால், இவர் முகத்தைப் பார்த்து முடியாது என்றாவது சொல்லி அனுப்பு. வருகிறாயா, இல்லையா?